மாம்பழத்துக்குத் தடை, மார்ல்பரோவுக்கு வழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் புகைப்பவன் இல்லை, வேப் இழுப்பவனும் இல்லை. வேப் கம்பெனி எதிலும் எனக்குப் பங்கு கிடையாது. வீட்டில் உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் மகள் இருக்கிறாள். இப்படிப்பட்ட ஆள், பழச்சுவை வேப்களை மாநில அரசு தடைசெய்யக் கூடாது என்று சொன்னால் எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸப் குழுவில் எல்லோரும் கப்சிப். அப்புறம் யாராவது ஒருவர் பேச்சைப் பொங்கல் விழா ஹால் வாடகைக்குத் திருப்பிவிடுகிறார். அங்கே சொல்லி முடிக்க விடாததை இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது மாசசூசெட்ஸ். அமெரிக்காவில் எல்லாச் சுவை வேப்களையும், கூடவே மெந்தால் சிகரெட்டையும், சட்டம் போட்டுத் தடுத்த முதல் மாநிலம் எங்களுடையதுதான். அதற்குப் பிறகு நியூஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா என்று வரிசையாகச் சுவை வேப் தடை வந்தது. இப்போதும் ஆண்டுத் தொடக்கத்தில் சட்டமன்றங்கள் கூடும்போது ஏதாவதொரு மாநிலத்தில் இந்த மசோதா தலைகாட்டும். கனெக்டிகட்டில் பல வருஷமாக வந்து வந்து போகிறது. வெர்மான்டில் 2024-ல் இரண்டு அவைகளும் நிறைவேற்றின. கவர்னர் ஃபில் ஸ்காட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மசோதா கொண்டுவருகிற எல்லோரும் எங்கள் மாநிலத்தைத்தான் கைகாட்டுகிறார்கள்: மாசசூசெட்ஸைப் பாருங்கள், அங்கே செய்துவிட்டார்களே! சரி, பார்ப்போம்.

இந்தச் சட்டம் எந்தச் சூழலில் பிறந்தது என்பது முக்கியம். 2019 கோடையில் அமெரிக்கா முழுக்க இளைஞர்கள் நுரையீரல் பாதித்து ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். டி.வி.யைப் போட்டால் அதுதான் செய்தி. 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர் சேர்க்கப்பட்டார்கள். 68 பேர் இறந்துபோனார்கள். பயப்படாமல் என்ன செய்வது? நானும் பயந்தேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இழுத்தது கஞ்சா எண்ணெய்க் குப்பிகள், அதிலும் தெருவிலோ தெரிந்தவர் மூலமோ வாங்கிய கள்ளச் சரக்கு. எண்ணெயைக் கெட்டியாகக் காட்டுவதற்காகக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் பின்னால் கண்டுபிடித்தது. அது தெரிய வருவதற்குள், 2019 செப்டம்பர் 24-ம் தேதி கவர்னர் சார்லி பேக்கர் அவசரநிலை அறிவித்து மாநிலத்தில் எல்லா வேப் விற்பனையையும் நிறுத்திவிட்டார். சிகரெட் விற்பனை அது பாட்டுக்கு நடந்தது. நவம்பர் 27-ல் நிரந்தரச் சட்டத்தில் கையெழுத்து. 2020 ஜூன் 1 முதல் புகையிலைச் சுவை தவிர வேறெந்தச் சுவையும் கடையில் கிடையாது. உட்கார்ந்து இழுக்கும் ஸ்மோக்கிங் பார்களுக்கு மட்டும் விலக்கு. வேப் மீது மொத்த விற்பனை விலையில் 75 சதவீத வரி வேறு.

இதில் என்னை உறுத்துவது இதுதான். கள்ளச் சந்தைச் சரக்கு ஆளைக் கொன்றது என்பதற்காக எழுந்த பீதியில், கடையில் கணக்குக் காட்டி விற்ற பொருளைத் தூக்கிக் கள்ளச் சந்தையிடம் கொடுத்தோம்.

எங்கள் எல்லையைப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது. வடக்கே நியூ ஹாம்ஷயர். அங்கே விற்பனை வரியே கிடையாது; சுவைத் தடையும் கிடையாது. எல்லையை ஒட்டி நேஷுவாவில் ஃபெசன்ட் லேன் மால் என்று ஒரு பெரிய வணிக வளாகம். கட்டடத்தின் ஒரு மூலை மாசசூசெட்ஸ் மண்ணுக்குள் நீண்டால் வரி வந்துவிடும் என்று அந்த மூலையையே கத்தரித்துக் கட்டியிருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒரு பகுதி எங்கள் மாநிலத்தில், கடைகள் முழுக்க அவர்கள் மாநிலத்தில். தீபாவளிக்கு டி.வி. வாங்க, ஐபோன் வாங்க என்று இந்தப் பக்கத்துத் தமிழர்களில் அங்கே போகாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். வரிக்காக மூலையை வெட்டிக் கட்டுகிற ஊரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, மாம்பழ வேப்பை இங்கே விற்காதே என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும்? நடந்தது. மெந்தால் சிகரெட்டும் சுவை வேப்பும் எல்லை தாண்டின. பிறகு கார் டிக்கியில் திரும்பி வந்து, வயது கேட்காத கைகளில் விற்பனை ஆயின. இது என் ஊகம் இல்லை. கள்ளப் புகையிலையைப் பிடிப்பதற்கென்றே மாநிலம் ஒரு பணிக்குழு வைத்திருக்கிறது. பக்கத்து மாநிலத்து மெந்தால் சிகரெட்டையும், உரிமமில்லா ஆட்கள் கொண்டுவரும் சுவை வேப்பையும் ஏறக்குறைய தினமும் பார்க்கிறோம், பறிமுதல் செய்கிறோம் என்று அந்தக் குழுவின் ஆண்டறிக்கையே சொல்கிறது. தடை போட்ட அரசின் அறிக்கை!

என் மச்சான், மனைவியின் அண்ணன், லோவல் பக்கம் இருக்கிறார். திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டலில் கோல்டு ஃபிளேக்கில் ஆரம்பித்தவர். அமெரிக்கா வந்ததும் மார்ல்பரோ. விடுவதற்கு அவர் செய்யாத முயற்சி இல்லை: பேட்ச், நிகோடின் கம், ஒரு தடவை சபரிமலைக்கு மாலை போட்டுக்கூடப் பார்த்தார். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டீக்கடை ஓரத்தில் நின்றார். கடைசியில் அவரை நிறுத்த வைத்தது ப்ளூபெர்ரி வாசனை அடித்த ஒரு வேப். சில மாதங்களில் சிகரெட் நாற்றமே தனக்குக் குமட்டுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தக் குமட்டல்தான் மருந்து. அப்போதுதான் தடை வந்தது. புகையிலைச் சுவைதான் இனிமேல் என்று கடைக்காரர் எடுத்து வைத்ததை ஒரே இழுப்பில் கீழே வைத்துவிட்டார்.

“நான் மறக்கணும்னு நினைக்கிற ருசியையே எனக்கு மருந்தாக் குடுத்தா எப்படி மாப்ள?” என்று கேட்டார். “குடியை விட்டவனுக்கு பிராந்தி வாசனையில தண்ணி குடுக்கிற மாதிரில்ல இருக்கு?”

“வேற ஒண்ணும் கிடைக்கலன்னா என்ன மச்சான் பண்ணுவீங்க?”

“எனக்கு என்ன, கார் இருக்கு. நேஷுவா பக்கத்துலதானே. நம்ம கடைல சமையல் பண்றாரே, அவருதான் பாவம்.”

மச்சானைப் போலவே வேப்பைப் பிடித்துச் சிகரெட்டை விட்டிருந்த அந்தச் சமையல்காரருக்குக் கார் கிடையாது, ஓய்வும் கிடையாது. இரவு வேலை முடிந்து வருகிற வழியில் ஒரே ஒரு கடைதான் திறந்திருக்கும். அங்கே அவர் பழகிய சுவை இல்லை. ஆனால் பில் போடும் இடத்துக்குப் பின்னால், கண்ணுக்கு நேரே, சிகரெட் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் சிகரெட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். மசோதா எழுதுபவர்கள் இந்த அலமாரியைக் கொஞ்சம் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஏறத்தாழ 4,80,000 அமெரிக்கர்களைக் கொல்லும் பொருள் அங்கேயே இருக்கிறது. அதிலிருந்து தப்பிக்க ஒருவர் பிடித்திருந்த கொம்பு மட்டும் காணாமல் போயிருக்கிறது.

நிகோடின் அடிமையாக்கும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் புகைப்பவரைக் கொல்வது பெரும்பாலும் எரிந்த இலையிலிருந்து வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும். மைக்கேல் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1970-களிலேயே சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. வேப்பில் எதுவும் எரிவதில்லை. அதனால் அது பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன். இலவங்கப்பட்டை வாசனைக்குப் போடும் பொருள் போலச் சில சுவைப் பொருட்கள் நுரையீரலுக்கு நல்லதல்ல, இருபது முப்பது வருஷம் இழுத்தால் என்ன ஆகும் என்பதை இன்னும் யாரும் பார்த்து முடிக்கவில்லை. ஒப்பிட வேண்டியது தோட்டத்துக் காற்றோடு என்றால் வேப் தோற்கும். ஆனால் என் மச்சான் தோட்டத்துக் காற்றை விட்டுவிட்டு வேப்புக்குப் போகவில்லையே.

2019 ஜனவரியில் பீட்டர் ஹாயெக் குழுவின் ஆய்வு ஒன்று வந்தது. இங்கிலாந்தில் சிகரெட்டை விட விரும்பிய 886 பேரில் ஒரு பாதிக்கு வேப், இன்னொரு பாதிக்கு பேட்ச், கம் போன்றவை. ஒரு வருஷம் கழித்து வேப் குழுவில் 18 சதவீதம் பேர் சிகரெட் தொடாமல் இருந்தார்கள். மற்றக் குழுவில் 9.9 சதவீதம். ஒன்றை மறைக்கக் கூடாது: வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதிர்த் தரப்பு இதைச் சொல்லும்போது நான் தலையாட்டிவிட்டு, அவர்கள் கையில் சிகரெட் இல்லையே என்றுதான் சொல்வேன். அந்த ஆய்வு வெளியானது நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில். அதை வெளியிடுவது மாசசூசெட்ஸ் மருத்துவச் சங்கம். அலுவலகம் வால்தமில், சட்டமன்றத்திலிருந்து அரை மணி நேரம். அதே வருஷம் நவம்பரில்தான் எங்கள் சட்டம்.

இங்கிலாந்து 2023-ல் பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் கருவி இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. தீர்ந்ததும் தூக்கிப் போடும் டிஸ்போசபிள் வேப்களை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. பிள்ளைகள் கைக்கு எளிதாகப் போகும் வடிவத்தை எடுத்துவிட்டு, பெரியவர்களுக்கான வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நிகோடின் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். இங்கே ஜூல் என்ற வேப் கம்பெனி விற்றது 59.

ஜூல் என்றதும் பிள்ளைகள் விஷயத்துக்கு வந்தாக வேண்டும். தடை கேட்பவர்களின் வலுவான வாதம் இதுதான், இதைத் தட்டிக்கழிப்பவரை நம்பாதீர்கள். 2019-ல் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் வேப் இழுத்திருந்தார்கள். நாலில் ஒருவருக்கும் மேல்! இழுக்கும் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தேர்ந்தெடுப்பது சுவை வேப். கம்பெனிகள் சும்மாவும் இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) வேப் கம்பெனிகளோடு நடந்த ஒரு வழக்கில் ஒருமனதாக வென்றது. அந்த வழக்கில் வரும் திரவங்களில் ஒன்றின் பெயர் ‘சூசைட் பன்னி மதர்ஸ் மில்க் அண்ட் குக்கீஸ்’. தற்கொலை முயல், அம்மா பால், குக்கீ. நாற்பது வயது புகையாளிக்காக யோசித்துதான் இந்தப் பெயரை வைத்தோம் என்று சொன்னால், வைத்தவனுக்கே சிரிப்பு வரும்.

ஆனால் அந்த 27.5 என்ன ஆயிற்று? 2024-ல் 7.8 சதவீதம். நாடு முழுக்க விழுந்தது. சுவைத் தடையே இல்லாத பெரும்பான்மை மாநிலங்களையும் சேர்த்துத்தான். கோவிட் ஒரு காரணமாக இருக்கலாம். 2019 டிசம்பரில் புகையிலைப் பொருள் வாங்கும் வயதை நாடு முழுக்க 21 ஆக்கியதற்குப் பங்கு இருக்கலாம். ஜூல் மோகம் தணிந்ததும் இருக்கலாம். பள்ளி மாணவர்களிடம் சிகரெட் 1.4 சதவீதத்துக்கு இறங்கி, இந்த எண்களைத் தரும் தேசியக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து மிகக் குறைந்த அளவைத் தொட்டது. தலைமுறையே சிகரெட்டுக்கு இழுத்துச் செல்லப்படும் என்று பயந்தோமே, அது நடக்கவில்லை.

என் மகளிடம் கேட்டேன். அவள் பள்ளியில் பாத்ரூம்களில் புகை உணரும் கருவி மாட்டியிருக்கிறார்கள், சிலதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

“அதெல்லாம் கடையில யாருப்பா வாங்குறாங்க? யாரோட அண்ணனாவது வாங்கிக் குடுப்பான். இல்லன்னா ஸ்னாப்சாட்ல ஆள் இருக்காங்க.”

“என்ன வாசனை வரும்?”

“ஸ்ட்ராபெர்ரி. பாத்ரூம் முழுக்க ஸ்ட்ராபெர்ரி.”

தடை வந்து இத்தனை வருஷம் கழித்து, தடை உள்ள மாநிலத்தின் பள்ளிக் கழிப்பறையில் ஸ்ட்ராபெர்ரி மணக்கிறது. கடைக்காரர் அடையாள அட்டை பார்க்காமல் விற்றால் உரிமம் போகும். ஸ்னாப்சாட் ஆளுக்கு என்ன போகும்?

சான்பிரான்சிஸ்கோ கதையையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் ஜாக்கிரதையாக. அந்த நகரம் 2018-ல் வாக்கெடுப்பு நடத்திச் சுவைப் புகையிலைப் பொருட்களைத் தடுத்தது. யேல் பல்கலைக்கழகத்தின் அபிகெய்ல் ஃப்ரீட்மன் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், மற்றப் பள்ளி மாவட்டங்களோடு ஒப்பிட்டால் அங்கே மாணவர்கள் சிகரெட் பிடிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. தடைக்கு எதிரானவர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். கணக்கெடுப்பு நடந்த நேரத்தில் தடை முழுசாக அமலுக்கே வரவில்லை என்று மற்ற ஆராய்ச்சியாளர்கள் திருப்பிக் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். அதனால் அந்த ஓர் ஆய்வின் மேல் கைவைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஃப்ரீட்மனும் மைக்கேல் பெஸ்கோ போன்றோரும் பிறகு பல மாநிலங்களின் கடை விற்பனைக் கணக்கைப் பார்த்தார்கள். சுவைக் கட்டுப்பாடு வந்த இடத்தில் வேப் விற்பனை குறையக் குறைய சிகரெட் விற்பனை கூடியதாகத்தான் அங்கேயும் தெரிந்தது. இது எனக்கு இன்னும் கனமான சாட்சி.

“பழச்சுவைக்கு எஃப்.டி.ஏ.வே பல வருஷமாக அனுமதி கொடுக்காமல் இருந்ததே, மாநிலம் தடுத்தால் என்ன தப்பு?” என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சரியான இடத்தில் கைவைக்கிறார்கள். லட்சக்கணக்கில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு, வருஷக்கணக்கில் புகையிலைச் சுவைக்கு மட்டும் தலையசைத்தது அந்த அமைப்பு. 2024 ஜூனில்தான் என்ஜாய் கம்பெனியின் மெந்தாலுக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. இந்த இடைவெளியில் சந்தையைப் பிடித்தது யார்? சீனாவிலிருந்து வந்த எல்ஃப் பார் வகையறா. 2023-ல் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வந்தது. நியூயார்க்கில் 2020 மே முதல் மாநிலத் தடை இருக்கிறது. மன்ஹாட்டனில் ஒரு தெரு நடந்து பாருங்கள், தர்பூசணி ஐஸ் எத்தனை கடையில் கிடைக்கிறது என்று. உள்ளே என்ன இருக்கிறது, பேட்டரி எப்படிப்பட்டது என்று யாரும் சோதிக்காத சரக்கு. வாஷிங்டன் பூட்டிய தவறான வாசலை மாநிலங்களும் போய்ப் பூட்ட வேண்டுமா?

எனக்கு எல்லாவற்றையும்விட வேடிக்கையாக இருப்பது கஞ்சா. எங்கள் மாநிலத்தில் 2016 வாக்கெடுப்பில் கஞ்சா சட்டபூர்வமானது. 2018 நவம்பரில் கடைகள் திறந்தன. பக்கத்து ஊரில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. உள்ளே மாம்பழ கம்மி, ராஸ்பெர்ரி கம்மி. அவற்றைத் தடைசெய்யவில்லையே! அதற்குப் பதில் என்ன செய்தார்கள்? 21 வயதுக்குக் கீழே உள்ளே விடாதே. கம்மியை மனிதன், விலங்கு, பழம் வடிவத்தில் செய்யாதே. குழந்தையால் திறக்க முடியாத உறையில் போடு. ஒரு துண்டில் 5 மில்லிகிராம் அளவோடு நிறுத்து. சுவை இருக்கட்டும், குழந்தையைக் கவரும் வேஷம் வேண்டாம் என்று இதே மாநிலம் கஞ்சாவுக்கு நிதானமாக யோசித்திருக்கிறது. சிகரெட்டை விட முயலும் மனிதனுக்கு மட்டும் அந்த நிதானம் கிடைக்கவில்லை. ஸ்காட் கவர்னரும் வெர்மான்டில் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்: மதுவுக்கும் கஞ்சாவுக்கும் ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா?

எங்கள் 2019 சட்டத்திலேயே நல்ல பகுதி ஒன்று இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. ஒரு மில்லிலிட்டரில் 35 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் உள்ளதை, பெரியவர்கள் மட்டும் நுழையும் தனிக் கடைகளில்தான் விற்கலாம். இந்த விதியைச் சுவைக்கும் நீட்டியிருந்தால் போதுமே. பெட்ரோல் பங்கில் மிட்டாய்ப் பக்கத்தில் வைக்காதே, தனிக் கடையில் வை, வாசலிலேயே அட்டையை ஸ்கேன் செய், கார்ட்டூன் பெயரை எடு, மீறினால் உரிமத்தைப் பிடுங்கு. வரியையும் திருப்பிப் போடலாம்: சிகரெட் எட்டாத உயரத்தில், வேப் கொஞ்சம் கீழே.

ஊரிலிருந்து படிப்பவர்கள், “இந்தியாவில் 2019-லேயே மொத்தமாகத் தடைசெய்துவிட்டார்களே” என்று பின்னூட்டம் போடுவீர்கள் என்று தெரியும். ஆமாம். முதல் தடவை விற்றுப் பிடிபட்டால் ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே தெருவில் பீடியும் சிகரெட்டும் பெட்டிக்கடையில் தொங்குகின்றன, சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் அரசின் எல்.ஐ.சி.க்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். இங்கே ஆரம்பித்தால் முடியாது.

கனெக்டிகட், வெர்மான்ட் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மசோதா குழுவுக்கு வரும்போது பொது விசாரணை வைப்பார்கள். அங்கே பேசக் குடியுரிமை கேட்பதில்லை. எச்1பி விசாவில் இருப்பவரும் பேசலாம், எழுத்திலும் அனுப்பலாம். பொதுவாக மூன்று நிமிஷம்தான் தருவார்கள், அதனால் புள்ளிவிவரத்தை நிறுவனங்களிடம் விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது சிகரெட்டை விட்டிருந்தால், எதை வைத்து விட்டார், அது கடையில் கிடைக்காமல் போனால் அடுத்து எந்த அலமாரிக்குக் கை நீளும் என்பதைச் சொல்லுங்கள். சென்ற வாரம் மச்சானுக்கும் இதையே சொன்னேன். “நான் எழுதித் தரேன் மாப்ள, இங்கிலீஷை நீங்க பாத்துக்கோங்க” என்றார். முதல் பக்கம் வந்திருக்கிறது. பாதி ஹாஸ்டல் கதை, வெட்ட வேண்டும்.